வியாழனுக்குள் இருக்கும் ஹைட்ரஜன் உலோகம்தான் என்று எப்படித் தெரியும்?

கேள்வியைச் சுருக்கி மறுபடி எழுதிவிடுகிறேன்: ஆய்வகத்தில் உலோக ஹைட்ரஜனை உருவாக்கிவிட்டார்களா இல்லையா என்று இயற்பியலாளர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், அப்படியிருக்க சுமார் 60 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வியாழனின் வயிறு முழுக்க அதுதான் இருக்கிறது என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறார்கள்?

நியாயமான சந்தேகம். ஆனால் ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் உலவுவதால் வரும் குழப்பம் இது. ஆய்வகச் சண்டை நடப்பது குளிர்ந்த, திடமான உலோக ஹைட்ரஜனைப் பற்றி. வியாழனுக்குள் இருப்பதோ ஆயிரக்கணக்கான டிகிரி சூட்டில் புரண்டுகொண்டிருக்கும் திரவம். அந்தத் திரவத்தை 1996-லேயே பூமியில் ஒரு கணம் உண்டாக்கி, அதில் மின்சாரம் விட்டுப் பார்த்துவிட்டார்கள். வியாழனைப் பொறுத்தவரை உண்மையான தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் 'உலோகம்' என்ற சொல். நமக்கு உடனே பித்தளைக் குடமும் இரும்புக் கம்பியும்தான் நினைவுக்கு வரும். கெட்டி, கனம், பளபளப்பு. இயற்பியலில் அதெல்லாம் பின்விளைவு. எலக்ட்ரான்கள் எந்த ஒரு அணுவுக்கும் சொந்தமாக இல்லாமல் பொருள் முழுக்க ஊர்சுற்றிக்கொண்டிருந்தால் அது உலோகம், அவ்வளவுதான். பாதரசம் தண்ணீராக ஓடுகிறது, ஆனாலும் உலோகம். வைரம் கல் போலக் கெட்டி, ஆனாலும் உலோகமில்லை.

சாதாரண ஹைட்ரஜனில் இரண்டு அணுக்கள் தங்கள் இரண்டு எலக்ட்ரான்களையும் நடுவில் வைத்து இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும். ஊர்சுற்ற ஒன்றும் மிச்சமில்லை, அதனால் மின்சாரம் போகாது. ஆனால் தனிம அட்டவணையைப் பாருங்கள், லித்தியம், சோடியம், பொட்டாசியம் என்று வரிசையாக உலோகங்கள் நிற்கும் தூணின் உச்சியில் இந்த ஹைட்ரஜன் உட்கார்ந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு வேதியியலாளர்களுக்கே இது உறுத்தியது, குளிரவைத்து உறையவைத்தால் உலோகமாகத் தெரியும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். ஜேம்ஸ் டிவார் 1898-ல் ஹைட்ரஜனைத் திரவமாக்கினார், அடுத்த ஆண்டே உறையவும் வைத்தார். திரவம் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது, உறைந்தது ஐஸ்கட்டி போல இருந்தது. உலோகத்தின் சாயல்கூட இல்லை.

குளிர் மட்டும் போதாது, நெருக்க வேண்டும் என்ற கணக்கு 1935-ல் வந்தது. யூஜின் விக்னரும் ஹில்லார்ட் ஹண்டிங்டனும் போட்டது. மூலக்கூறுகளைப் போதுமான அளவு நெருக்கினால் எந்த எலக்ட்ரான் எந்த ஜோடிக்குச் சொந்தம் என்ற கணக்கே குழம்பிப்போகும், ஜோடி உடையும், எலக்ட்ரான்கள் பொதுச்சொத்தாகும் என்பது வாதம். அதற்கு 25 கிகாபாஸ்கல், அதாவது நம் வளிமண்டல அழுத்தத்தைப் போல இரண்டரை லட்சம் மடங்கு இருந்தால் போதும் என்று மதிப்பிட்டார்கள். இதில் அவர்கள் படுமோசமாகத் தவறினார்கள் என்று எல்லாரும் எழுதுவார்கள், உண்மைதான், குளிர்ந்த ஹைட்ரஜன் அந்த அழுத்தத்துக்கு அசைந்தே கொடுக்கவில்லை, 15 மடங்குக்கும் மேலே போக வேண்டியிருந்தது. ஆனால் அவர்கள் சொன்ன இன்னொரு எண், எந்த அடர்த்தியில் மாற்றம் வரும் என்பது, கிட்டத்தட்டச் சரியாகவே இருந்தது. அந்த அடர்த்திக்குக் கொண்டுவர எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதில்தான் கோட்டைவிட்டார்கள். ஹைட்ரஜன் நினைத்ததைவிடப் பிடிவாதக்காரன்.

(இடையில் ஒன்று. 'எதையும் போதுமான அளவு அமுக்கினால் உலோகமாகிவிடும்' என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. 2009-ல் சோடியத்தை சுமார் 200 கிகாபாஸ்கலுக்கு அமுக்கினார்கள், பளபளப்பான உலோகமாக இருந்தது கண்ணாடி போல ஒளி ஊடுருவும் மின்கடத்தாப் பொருளாக மாறியது. எல்லையில்லாமல் அமுக்கிக்கொண்டே போனால் அந்த நம்பிக்கை சரி, நடுவழியில் என்ன நடக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.)

சரி, அந்தக் குளிர்ந்த ஹைட்ரஜன் சண்டை. இரண்டு வைரங்களின் கூர்முனைகளைத் தட்டையாக்கி, நடுவில் சில மைக்ரான் அளவு ஹைட்ரஜனை வைத்து நசுக்குவார்கள். வைரம் ஏன் என்றால் அது கெட்டி, கூடவே உள்ளே எட்டிப் பார்க்கவும் முடியும். சிக்கல் என்னவென்றால் ஹைட்ரஜன் மிகச் சின்ன மூலக்கூறு, வைரத்தின் நுண்விரிசல்களுக்குள் புகுந்து அதை உடைத்துவிடும். 2017 ஜனவரியில் ஹார்வர்டைச் சேர்ந்த ரங்க டயஸும் ஐசக் சில்வெராவும் 495 கிகாபாஸ்கலில் ஹைட்ரஜன் பளபளவென்று ஒளியைப் பிரதிபலித்தது என்று சயின்ஸ் இதழில் எழுதினார்கள். பூமியின் நட்டநடுவில் இருக்கும் அழுத்தமே சுமார் 364 கிகாபாஸ்கல்தான், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கட்டுரை வந்த கையோடு எதிர்ப்பும் வந்தது: ஒரே ஒரு மாதிரி, ஒரே ஒரு தடவை, வைரத்தின் மேல் பூசியிருந்த அலுமினிய ஆக்சைடு பளபளத்திருக்கலாமே, அழுத்தத்தை அளந்த விதம் சரியா என்று. அடுத்த மாதமே ஒரு வைரம் நொறுங்கி மாதிரி காணாமல் போனது. டயஸ் பின்னால் வேறு பொருள்களில் அறைவெப்ப மீகடத்துத்திறன் (துளித் தடையும் இல்லாமல் மின்சாரம் ஓடுவது) கண்டதாக வெளியிட்ட இரண்டு கட்டுரைகளை நேச்சர் இதழ் திரும்பப் பெற்றுக்கொண்டது வேறு கதை, ஆனால் அதற்குப் பிறகு இந்தப் பழைய கட்டுரையையும் பலர் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள்.

என்னைக் கேட்டால் இதைவிட நம்பத்தகுந்தது 2020-ல் பிரான்சிலிருந்து வந்த முடிவு. பால் லூபேர் குழு, வைர முனையை வழக்கமான வடிவில் இல்லாமல் ஒரு வளையப் பள்ளம் போலச் செதுக்கி, சொலேய் சின்க்ரோட்ரான் என்ற துகள்முடுக்கியிலிருந்து வரும் பலமான அகச்சிவப்புக் கதிரை உள்ளே விட்டார்கள். 425 கிகாபாஸ்கலில், 80 கெல்வினில் (சுமார் மைனஸ் 193 டிகிரி செல்சியஸ்), அதுவரை கொஞ்சமாவது ஊடுருவிக்கொண்டிருந்த அகச்சிவப்பு சட்டென்று நின்றது. அழுத்தத்தைக் குறைத்தால் திரும்பவும் ஊடுருவியது. எலக்ட்ரான்கள் கட்டு அவிழ்ந்து ஓட ஆரம்பித்ததற்கான அறிகுறி அது. இதையும் 'உறுதியான நிரூபணம்' என்று எல்லாரும் ஏற்கவில்லை, காரணம் நேரடியாக மின்கடத்துத்திறனை அளக்கவில்லை.

இத்தனை பேர் இதன் பின்னால் ஓடுவதற்குக் காரணம் நீல் ஆஷ்கிராஃப்ட் 1968-ல் சொன்னது, திட உலோக ஹைட்ரஜன் மிக உயர்ந்த வெப்பநிலையிலும் மீகடத்தியாக இருக்கலாம் என்று. அந்த யோசனையின் கிளை ஏற்கெனவே பலன் கொடுத்துவிட்டது, ஹைட்ரஜன் செறிந்த லாந்தனம் சேர்மம் ஒன்று 2019-ல் சுமார் 250 கெல்வினில் மீகடத்தியானது, அதற்கும் 170 கிகாபாஸ்கல் தேவைப்பட்டது என்பதை மறக்காமல் இருந்தால் சரி. ராக்கெட் எரிபொருள் ஆக்கலாம், அழுத்தத்தை எடுத்தாலும் அப்படியே நிற்கும் என்று யூடியூபில் வருவதையெல்லாம் நான் பொருட்படுத்துவதில்லை.

இப்போது சூடான திரவத்துக்கு வருவோம், வியாழனுக்குச் சம்பந்தப்பட்டது இதுதான். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் சாமுவேல் வேர், ஆர்தர் மிட்செல், வில்லியம் நெல்லிஸ் மூவரும் கையில் எடுத்தது வைரத்தை அல்ல, துப்பாக்கியை. வாயுவால் இயங்கும் சுமார் 20 மீட்டர் நீளத் துப்பாக்கி. அது நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தகட்டை எறியும். இலக்கு, இரண்டு நீலக்கல் தகடுகளுக்கு நடுவில் அரை மில்லிமீட்டர் கனத்தில் திரவ ஹைட்ரஜன். மோதலில் கிளம்பும் அதிர்ச்சி அலை அந்தத் தகடுகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப எகிறி ஹைட்ரஜனை ஒன்பது மடங்கு அடர்த்திக்குக் கொண்டுவந்தது. மொத்தக் கூத்தும் மைக்ரோ நொடிக்குள் முடிந்துவிடும், அதற்குள் மின்வாய் வைத்து மின்தடையை அளக்க வேண்டும். 93 கிகாபாஸ்கலில் இருந்து 140 வரை போகும்போது மின்கடத்துத்திறன் பத்தாயிரம் மடங்கு எகிறியது, அப்புறம் அப்படியே நிலைத்து நின்றது, 140-லிருந்து 180 வரை மாறவே இல்லை. அந்த நிலைத்த மதிப்பு, சுமார் 2,000 கெல்வினில் திரவமாக இருக்கும் சீசியம், ருபிடியம் என்ற உலோகங்களுக்கு உள்ள அளவு. வெப்பநிலை சுமார் 3,000 கெல்வின்.

ஏன் இங்கே 140 போதுமானதாக இருக்கிறது, குளிரில் 400-க்கு மேல் வேண்டியிருக்கிறது? சூட்டினால்தான். திடப்பொருளில் மூலக்கூறுகள் தங்களை வசதியாக அடுக்கிக்கொண்டு கடைசிவரை தாக்குப்பிடிக்கின்றன. சூடான திரவத்தில் அந்த ஒழுங்கு கிடையாது, எல்லாம் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருக்கும், கொஞ்சம் உடையும், கொஞ்சம் கட்டு தளரும், எலக்ட்ரான்களுக்கு வழி திறந்துவிடும். பின்னால் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில், மாபெரும் மின்துடிப்பால் அமுக்கும் இசட் இயந்திரத்திலும், லிவர்மோரின் மாபெரும் லேசர்களிலும் ஹைட்ரஜனின் கனமான உடன்பிறப்பான டியூட்டீரியத்தை வைத்துச் செய்தார்கள். சரியாக எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில் என்பதில் குழுக்களுக்குள் வித்தியாசம் உண்டு. உலோகத் திரவம் ஆகுமா என்பதில் இல்லை.

அடுத்த பாதி, வியாழனுக்குள் அந்த அழுத்தமும் அந்த ஹைட்ரஜனும் இருக்கிறதா? அழுத்தம் ரொம்ப எளிது, மேலே இருப்பதன் எடை கீழே இருப்பதை அமுக்குகிறது. வியாழனின் நிறை பூமியைப் போல 318 மடங்கு. மேகங்களிலிருந்து சுமார் 10,000 கிலோமீட்டர் இறங்கினாலே 100 கிகாபாஸ்கல் வந்துவிடும், அங்கே வெப்பம் 5,000 டிகிரிக்கு மேல். மையத்துக்குப் போனால் வளிமண்டல அழுத்தத்தைப் போல சுமார் 4 கோடி மடங்கு, வெப்பம் 20,000 கெல்வினை ஒட்டி. லிவர்மோர் துப்பாக்கி தொட்ட நிலை வியாழனின் மேல்தோலுக்குச் சற்றுக் கீழேயே கடந்துபோகிறது.

உள்ளே இருப்பது ஹைட்ரஜன்தான், பாறையில்லை என்பதற்கு அதன் பருமனே சாட்சி. இவ்வளவு நிறை இருந்தும் சராசரி அடர்த்தி வெறும் 1.33, தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். பாறையோ இரும்போ இந்த அமுக்கத்தில் இருந்தால் இதைவிட மிகச் சின்ன உருண்டையாகச் சுருங்கியிருக்கும். இந்தக் கணக்கில் இந்தியப் பெயர் ஒன்று உண்டு, ஏனோ பலரும் சொல்வதில்லை: டி. எஸ். கோத்தாரி. அழுத்தத்தால் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்துவிடும் என்ற கருத்தை வைத்து 1936-ல் கோள்களின் உள்ளமைப்பு பற்றி எழுதினார். குளிர்ந்த ஒரு உருண்டை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு மேல் எல்லை இருக்கிறது, அந்த எல்லை ஏறத்தாழ வியாழனின் அளவுதான் என்று அவர் கணக்கு சொன்னது. சந்திரசேகர் வெண்குறுமீன்களுக்கு, அதாவது எரிந்து முடிந்து சுருங்கிய விண்மீன்களுக்குப் பயன்படுத்திய அதே எலக்ட்ரான் நெரிசல்தான் இங்கேயும் வேலை செய்கிறது. வியாழன் மேல் இன்னும் பல வியாழன்களைக் கொட்டினாலும் அது பெரிதாக வீங்காது, உள்ளே இன்னும் நெருங்கிக்கொள்ளும். வியாழனைப் போல பல பத்து மடங்கு நிறையுள்ள பழுப்புக் குறுமீன்கள்கூட (விண்மீனாக எரியும் அளவுக்கு நிறை போதாதவை) ஏறத்தாழ அதே பருமனில்தான் இருக்கின்றன.

அப்புறம் காந்தப்புலம். 1955-ல் பெர்னார்ட் பர்க்கும் கென்னத் ஃபிராங்க்ளினும் மேரிலாந்தில் ஒரு வயல்வெளி ஆண்டெனாவில் ஏதோ இரைச்சலைக் கேட்டார்கள், பக்கத்து வண்டி ஏதாவதாக இருக்கும் என்று முதலில் நினைத்தார்களாம், அது வானத்தில் வியாழனோடு சேர்ந்து நகர்ந்தது. அந்த இரைச்சலுக்குப் பலமான காந்தப்புலம் வேண்டும். 1973-ல் பயனியர் 10 விண்கலம் பக்கத்தில் போய் அதை அளந்தது. வியாழனின் காந்தத் திருப்புத்திறன், அதாவது ஒரு காந்தமாக அதன் மொத்த வலிமை, பூமியினுடையதைப் போல சுமார் 20,000 மடங்கு. பூமியில் இதைச் செய்வது உருகிய இரும்பு. மின்சாரம் கடத்தும் திரவம், அதைக் கிளறும் வெப்பம், வேகமான சுழற்சி, இந்த மூன்றும் சேர்ந்தால் காந்தப்புலத்தை உண்டாக்கும் டைனமோ ஓடும். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடுகிறது, சூரியனிடமிருந்து வாங்குவதைப் போல சுமார் இரண்டு மடங்கு ஆற்றலை வெளியே விடுகிறது, அப்படியானால் உள்ளே கொதிப்பும் இருக்கிறது. கடத்தும் திரவம் என்ன? அவ்வளவு பெரிய அளவில் அங்கே இருப்பது ஹைட்ரஜன் ஒன்றுதான்.

2016 ஜூலையில் வியாழனைச் சுற்ற ஆரம்பித்த நாசாவின் ஜூனோ விண்கலம் இதற்கு இன்னொரு அழகான சாட்சியைக் கொடுத்தது. வியாழனின் வண்ணப் பட்டைகளில் வீசும் காற்று எவ்வளவு ஆழம் போகிறது என்பதைக் கண்டுபிடிக்க, ஜூனோ பக்கத்தில் பறக்கும்போது கோளின் ஈர்ப்பு அதை எவ்வளவு இழுக்கிறது என்று வானொலி அலையின் டாப்ளர் மாற்றத்தை (வேகத்தால் அலையின் அதிர்வெண் மாறுவதை) வைத்து, நொடிக்கு நூறில் ஒரு மில்லிமீட்டர் அளவு நுட்பத்தில் அளந்தார்கள். காற்று சுமார் 3,000 கிலோமீட்டர் வரை போகிறது, அதற்குக் கீழே கோள் ஒரே உருண்டையாகச் சுற்றுகிறது. ஏன் அங்கே நிற்கிறது? ஹைட்ரஜன் அந்த ஆழத்தில் முழு உலோகமாகியிருக்காது, ஆனால் போதுமான அளவு மின்சாரம் கடத்த ஆரம்பித்திருக்கும், காந்தப்புலம் பிரேக் போட்டுவிடுகிறது. பாடப்புத்தகத்தில் வெங்காயம் வெட்டியது போல 'வாயு, திரவம், உலோகம்' என்று கோடு கிழித்து வண்ணம் அடித்த படம் இருக்குமே, அது எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். வியாழனுக்குள் அப்படிக் கோடு கிடையாது. மேலிருந்து விழுந்துகொண்டே போனால் வாயு எப்போது திரவமானது, திரவம் எப்போது உலோகமானது என்று ஒரு இடத்தைக் காட்டவே முடியாது.

சரி, தலைவலி எங்கே என்றேன். உலோக ஹைட்ரஜன் இருக்கிறதா என்பதில் இல்லை, அதில் எது கரைகிறது, எது கரையாது என்பதில்.

ஹீலியம் கரையாது என்பது ஒரு பக்கம். மேலே மூலக்கூறு ஹைட்ரஜனோடு ஹீலியம் சமத்தாகக் கலந்திருக்கும். கீழே ஹைட்ரஜன் உலோகமானதும் ஹீலியம் மட்டும் தன் எலக்ட்ரான்களை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதனால் ஒட்டாமல் போகிறது. கோள் மெல்ல ஆறும்போது, இரவில் காற்று குளிர்ந்து பனி இறங்குவது போல ஹீலியம் துளிகளாகப் பிரிந்து கீழே விழும். எட்வின் சால்பீட்டரும் டேவிட் ஸ்டீவன்சனும் 1970-களிலேயே இதைச் சொல்லிவிட்டார்கள். 1995 டிசம்பர் 7 அன்று கலிலியோ விண்கலத்தின் ஆய்வுக்கலன் வியாழனுக்குள் குதித்து, ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்து அளந்தபோது, ஹைட்ரஜனும் ஹீலியமும் சேர்ந்த நிறையில் ஹீலியத்தின் பங்கு 24 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. சூரியக் குடும்பம் உருவான மேகத்தில் அது 27-க்கு மேல் இருந்திருக்க வேண்டும். இதைவிடச் சுவையானது நியான்: சூரியனில் உள்ள விகிதத்தில் பத்தில் ஒரு பங்குதான் இருந்தது. நியான் ஹீலியத் துளிகளில் நன்றாகக் கரையும், அந்த மழையோடு சேர்ந்து கீழே போய்விட்டது என்றால் கணக்கு பொருந்துகிறது, வேறு விளக்கம் எதுவும் இவ்வளவு எளிதாகப் பொருந்தவில்லை. 2021-ல் லேசர் அதிர்ச்சி சோதனையிலும் ஹைட்ரஜன்-ஹீலியம் கலவை இந்த அழுத்தங்களில் பிரிவதைப் பார்த்தார்கள்.

பாறையும் பனியும் கரையும் என்பது மறுபக்கம். ஜூனோவுக்கு முன்னால் எல்லாரும் நினைத்தது, நடுவில் பூமியைப் போல பத்து மடங்கு நிறையுள்ள கெட்டியான கரு ஒன்று இருக்கிறது, சுற்றிலும் ஹைட்ரஜன் என்று. ஜூனோவின் ஈர்ப்பு அளவீடுகள் அதோடு ஒத்துப்போகவில்லை. கனமான பொருள்கள் கோளின் ஆரத்தில் கிட்டத்தட்டப் பாதி வரை பரவி, ஹைட்ரஜனோடு நீர்த்துப்போய் இருப்பதாக வைத்தால்தான் பொருந்துகிறது. உலோக ஹைட்ரஜன் பனியையும் மக்னீசியம் ஆக்சைடையும் இரும்பையும்கூடக் கரைத்துவிடும் என்று குவாண்டம் கணக்குகள் முன்பே சொல்லியிருந்தன. ஆனால் கரைவது வேறு, இவ்வளவு தூரம் மேலே ஏறிப் பரவுவது வேறு, கனமானதைத் தூக்க ஆற்றல் வேண்டுமே. ஆரம்பத்தில் பூமியைப் போல பத்து மடங்கு நிறையுள்ள ஒன்று நேருக்கு நேர் மோதிக் கருவைக் கலைத்துவிட்டது என்று 2019-ல் ஒரு கணினி உருவகம் (கணினியில் ஓட்டிப்பார்த்த மாதிரி) வந்தது. அப்படி மோதினாலும் கனமானது திரும்பப் படிந்துவிடும் என்று பின்னால் வந்த உருவகங்கள் காட்டின. கோள் வளரும்போதே பாறையும் வாயுவும் கலந்தே சேர்ந்திருக்கும் என்பதுதான் எனக்கு இயல்பாகப் படுகிறது.

சனியில் இதே கதை இன்னும் தீவிரமாக ஓடுகிறது. அது சின்னது, பூமியைப் போல 95 மடங்கு நிறை, அதனால் உலோகப் பகுதி ஏறத்தாழ பாதி ஆரத்துக்குக் கீழேதான் ஆரம்பிக்கிறது. சீக்கிரம் ஆறிவிட்டது, அதனால் ஹீலிய மழையும் அங்கே முன்னதாகவே பிடித்திருக்கும். வெறுமனே ஆறிக்கொண்டிருந்தால் சனி 200 முதல் 250 கோடி ஆண்டுகளிலேயே இன்றைய மங்கலுக்கு வந்திருக்க வேண்டும், ஆனால் அதற்கு வயது 450 கோடி, இன்னும் சூடாக இருக்கிறது. விழும் ஹீலியம் விடும் ஆற்றல் என்பதுதான் நெடுநாளாகச் சொல்லப்படும் விடை. அதன் காந்த அச்சு இன்னொரு விசித்திரம், சனியைச் சுற்றிய காசினி விண்கலம் கடைசிச் சுற்றுகளில் அளந்தபோது சுழலச்சிலிருந்து நூறில் ஒரு டிகிரிகூட விலகவில்லை. அவ்வளவு கச்சிதமான சமச்சீர் புலத்தை எந்த டைனமோவும் தனியே தக்கவைக்க முடியாது என்று தாமஸ் கௌலிங் 1930-களிலேயே நிரூபித்திருக்கிறார். ஹீலியம் மழை பெய்யும் அடுக்கு கிளறலில்லாமல் அமைதியாக நின்று, கீழிருந்து வரும் கோணல்மாணல்களைத் திரை போல வடிகட்டிவிடுகிறது என்பது ஸ்டீவன்சனின் விளக்கம்.

யுரேனசையும் நெப்டியூனையும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவற்றின் ஹைட்ரஜன் மேலே போர்வையாக மட்டுமே இருக்கிறது, அது உலோகமாகும் அளவுக்கு அழுத்தம் ஏறுவதற்குள் போர்வை முடிந்துவிடும். அவற்றின் கோணலான காந்தப்புலங்களுக்குக் காரணம் அயனிகள் ஓடும் நீர்க்கலவை என்றுதான் கருதுகிறார்கள்.

இனி நான் எதிர்பார்த்திருப்பது ஒரே ஒரு எண்ணை. வியாழனுக்குள் கலிலியோ கலன் இறங்கி ஹீலியத்தை நேரில் அளந்தது போல சனிக்குள் இதுவரை எதுவும் இறங்கி அளக்கவில்லை. காசினிகூட 2017 செப்டம்பர் 15 அன்று மேல்மூட்டத்தில் எரிந்து முடிந்ததுதான், தொலைவிலிருந்து எடுத்த மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. அங்கே ஒரு சின்னக் கலனை இறக்கி ஹீலியம் எத்தனை சதவீதம் என்று பார்த்தால், மேலே எழுதிய மழைக் கணக்கில் பாதி அன்றைக்கே தேறிவிடும் அல்லது விழுந்துவிடும்.